கொடிகளுக்கு நடுவே

காலை ஐந்தரைக்கு டர்பன் கடல்
தூங்கி எழுந்த முகத்தோடு இருக்கும்.
நானும் லுங்கெலோவும் ஒன்றும் பேசாமல் பார்ப்போம்.
நேற்றிருந்த மணல்திட்டு இல்லை.
இரவோடு இரவாகக் குடி மாறிப் போனதுபோல்
தெற்கே, பாலத்தூண்களின் ஓரம்
குவிந்து கிடக்கிறது.

கொடிகளும் நகர வேண்டியதுதான்.
மேலே சிவப்பு, கீழே மஞ்சள், இரண்டு கம்பம்,
நடுவே அறுபது தப்படி.
இன்றைக்குக் கடல் விட்டுக்கொடுத்தது அவ்வளவே.

அம்மாவின் இளமையில்
இதே மணலில் பலகை நின்றதாம்,
எந்தத் தோலுக்கு எந்த அலை என்று.
எங்களுக்கென்று வடக்கே ஒரு துண்டு.
அங்கே இழுப்பு உண்டா இல்லையா
பலகை பார்த்துவைத்ததாகத் தெரியவில்லை.
நான் தினமும் நடுவது அந்தப் பலகை அல்ல
என்று எனக்குத் தெரியும்.
என்றாலும் "இங்கே குளிக்கக் கூடாது" என்று கத்தும்போது
சில கிழவர்கள் திரும்பிப் பார்க்கும் பார்வை
எனக்குப் பிடிபட நாளாயிற்று.

எல்லோரும் கைகாட்டும் இடம் ஒன்று உண்டு:
"அங்கேதான் அலையே இல்லையே!"
இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில்
எண்ணெய் வைத்துச் சீவிய தலைபோல் வழவழவென்று,
கொஞ்சம் கருத்து.
பதினோரு வருடமாகச் சொல்கிறேன்.
அது அமைதி இல்லை, வாசல்.
உள்ளே வந்த தண்ணீரெல்லாம்
வெளியே போகிற வாசல்.

புத்தாண்டு நாள்.
ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்தவர்கள்
காலி கோலா பாட்டிலில் கடலைப் பிடித்துக்கொள்கிறார்கள்,
வீட்டுக்கு.
பிள்ளைகளின் மணிக்கட்டில் காகிதப்பட்டை கட்டுகிறோம்:
பேர், அம்மாவின் போன் நம்பர்.
நீலச்சொறி கொட்டிய காலுக்குச் சுடுதண்ணீர்.
பலகைச் சவாரிக்காரர்களுக்கு விசில்:
தள்ளிப் போங்கள், இது குளிக்கிறவர்கள் பக்கம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் சாகரன் மூட்லி
பள்ளி நீச்சல்குளத்தில் மூன்று கோப்பை வாங்கியவர்
(பிற்பாடு அவரே சொன்னது, யாரும் கேட்காமல்).
சாகரன் என்று பேர் வைத்தால்
சாகரம் பங்காளி ஆகிவிடுமா?
வாடகைப் பலகையின் கயிற்றைக் காலில் மாட்டாமல்
அந்த வழவழப்பில் இறங்கினார்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
இவருக்குக் கால் எட்டாத இடத்தில்
பலகை ஒரு பக்கம், தான் ஒரு பக்கம்.
கரையைப் பார்த்தே நீந்தினார்.
நல்ல நீச்சல். அழகான கைவீச்சு.
ஒவ்வொரு வீச்சுக்கும் ஓரடி பின்னால் போனார்.

மிதவையை இழுத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது
அவர் கண்ணில் கரை மட்டும் இருந்தது.
"கரையை விடுங்கண்ணா" என்றேன்.
"இதைப் பிடியுங்க. மல்லாந்து படுங்க.
அது இழுக்கட்டும், சும்மா இருங்க.
அலுத்துப்போய் அதுவே விட்டுவிடும்.
அப்புறம் பக்கவாட்டில் போகலாம்."
கடலில் கரையை மறக்கச் சொல்கிற பெண்ணை
அவர் நம்பியிருக்க மாட்டார்.
கை ஓய்ந்துவிட்டதால் கேட்டார்.

மணலில் ஏறி, வாந்தி எடுத்து,
முதலில் கேட்டது:
"பலகைக்குக் கட்டின டெபாசிட் வருமா?"
லுங்கெலோ சிரிப்பை அடக்க
கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஆறு வயசு மகள் யஷோதினி
கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.
அழவில்லை.
என் கூடையிலிருந்து ஒரு காகிதப்பட்டை எடுத்து
அப்பா மணிக்கட்டில் சுற்றினாள், சுற்றளவு போதவில்லை.
இன்னொன்று எடுத்து ஒட்டவைத்தாள்.
பேனா கேட்டாள்.

மூன்று மணிக்குக் காற்று கிழக்கிலிருந்து திரும்பியது.
கொடியை இருபது தப்படி வடக்கே நகர்த்தினோம்.
"காலையில் அங்கேதானே இருந்தது?"
என்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.
ஆமாம், என்றேன்.
காலையில்.